சிறப்புக் கல்விப் பொறுப்பாளர்: பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சிறப்புக் கல்விப் பொறுப்பாளர் பதவிக்கு ஒரே பெயர் கிடையாது. சில இடங்களில் உள்ளடங்கிய கல்வி ஒருங்கிணைப்பாளர் என்பார்கள், சில இடங்களில் இன்க்ளூஷன் ஹெட். சின்னப் பள்ளிகளில் துணை முதல்வரே இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார். பெயர் எதுவானாலும், கற்றல் குறைபாடு, ஆட்டிசம், செவித்திறன் குறைவு, மனநலச் சிக்கல் என்று ஏதோ ஒரு காரணத்தால் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு இவர்தான் பொறுப்பு. ஸ்பெஷல் எஜுகேட்டரும் (சிறப்பாசிரியர்) கவுன்சிலரும் (மனநல ஆலோசகர்) இவருக்குக் கீழே வருவார்கள்.

இந்தப் பதவியில் நடக்கும் தவறுகளைக் கிளறிப் பார்த்தால், பலவற்றின் அடியில் ஒரே எண்ணம்தான் கிடக்கிறது: இந்தப் பிள்ளைகளுக்கான வேலை ரிசோர்ஸ் ரூமில், அதாவது அவர்களைத் தனியே அழைத்துச் சொல்லிக்கொடுக்கும் அறையில், நடக்கிறது என்பது. நாளைக்கு எட்டு பீரியட் என்றால் பிள்ளை அந்த அறையில் இருப்பது ஒன்றோ இரண்டோதான். மீதி நேரமெல்லாம் நாற்பது பேர் உள்ள வகுப்பில் கணக்கு சாரிடமும் அறிவியல் மிஸ்ஸிடமும் இருக்கிறான். அங்கே எதுவும் மாறாமல் ரிசோர்ஸ் ரூம் சுவரில் மட்டும் வண்ண வண்ணமாகச் சார்ட் ஒட்டிப் பயனில்லை.

டைம்டேபிளில் இருந்தே தொடங்கலாம். எந்தப் பீரியடில் பிள்ளையை வெளியே அழைத்துப்போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் பி.டி., டிராயிங், பாட்டு. பாடம் போய்விடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளைக்கு, நாள் முழுக்கத் தலைகுனிந்து உட்கார்ந்த பிறகு ஜெயிப்பதற்கென்று இருப்பது அந்த ஒரு பீரியட்தான். அதையும் பிடுங்கினால் அவனுக்குப் பள்ளியில் என்ன மிச்சம்? டைம்டேபிள் போடும்போதே பொறுப்பாளர் அந்த மேஜையில் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு போய் இடம் கேட்டால் கிடைப்பது பி.டி. மட்டும்தான். இன்னொரு வழியும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் ஸ்பெஷல் எஜுகேட்டரே தமிழ் வகுப்புக்கோ கணக்கு வகுப்புக்கோ போய் உட்காரலாம். பிள்ளைக்கு உதவி கிடைக்கும். வகுப்பாசிரியரும் பக்கத்தில் இருந்து பார்த்து இரண்டு உத்தி கற்றுக்கொள்வார்.

அந்த ஸ்பெஷல் எஜுகேட்டரையாவது அவர் வேலையைச் செய்ய விடுகிறோமா? யாராவது லீவு போட்டால் சப்ஸ்டிட்யூஷனுக்கு முதலில் அவர் பெயர்தான். பஸ் டியூட்டி, ஆண்டு விழா மேடை அலங்காரம், அட்மிஷன் சமயத்தில் ஆபீஸ் வேலை எல்லாம் அவர் தலையில். கேட்டால், "அவங்ககிட்ட ரெண்டு பசங்கதானே மேடம் இருக்காங்க" என்பார்கள். 2021 அக்டோபரில் ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தைச் சொல்லியிருக்கிறது. இரண்டு மூன்று பேர் ஒருவர் முன்னால் உட்கார்ந்திருப்பது சோம்பலின் அடையாளம் கிடையாது. அந்த வேலை நடப்பதே அப்படித்தான். அப்புறம், வேலைக்கு எடுக்கும்போது, சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடாதீர்கள். ஆர்வமுள்ள ஆசிரியர் ஒருவரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு ஸ்பெஷல் எஜுகேட்டர் என்று பெயர்ப்பலகை மாட்டுவது பள்ளிக்கே பிற்பாடு சிக்கலாகும்.

அடுத்தது சான்றிதழ். இதில் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். "சர்டிஃபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரைத் திருப்பி அனுப்புவது ஒரு பக்கம். கற்றல் குறைபாட்டுக்கான சான்று பொதுவாக எட்டு வயதை ஒட்டித்தான் கிடைக்கும். அதுவரை பிள்ளை சும்மா இருக்க முடியுமா? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 16-இல், கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்கிறது. எழுத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தருவதற்கும், முன் வரிசையில் உட்கார வைப்பதற்கும், போர்டில் இருப்பதை முழுக்க எழுதச் சொல்லாமல் நோட்ஸ் கொடுப்பதற்கும் எந்த டாக்டர் கையெழுத்தும் வேண்டாம். மறுபக்கம், பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பேப்பரைப் பார்த்த பிறகு திடீரென விழித்துக்கொண்டு, பெற்றோரை அரசு மருத்துவமனைக்கு ஓடவிடுவது. பொதுத்தேர்வுச் சலுகைக்கு விண்ணப்பிக்கத் தனித் தேதி உண்டு. எட்டாம் வகுப்பிலேயே சலுகை தேவைப்படும் பிள்ளைகளின் பட்டியல் கையில் இருந்தால் இந்த ஓட்டம் இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கற்றல் குறைபாடு என்றால் ஆங்கிலத்தில் b-யையும் d-யையும் மாற்றி எழுதுவது என்றே பல பள்ளிகளில் பதிந்துபோயிருக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய ஆங்கிலச் சோதனைப் பட்டியலை வைத்துக்கொண்டு, வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளையைச் சோதித்தால் குறைபாடு தெரியாது, ஆங்கிலம் பழகாததுதான் தெரியும். தமிழ் நோட்டைத் திறந்து பாருங்கள். ல, ள, ழ குழப்பமும் ந, ன, ண குழப்பமும் பெரியவர்களுக்கே இருக்கிறது, அதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் கொம்பு எங்கே போகிறது என்று கவனியுங்கள். 'கெ', 'கே', 'கை' எல்லாவற்றிலும் காதில் பின்னால் கேட்கும் ஒலிக்கான குறி எழுத்துக்கு முன்னால் வருகிறது. 'கொ', 'கோ' என்றால் இரண்டு பக்கமும் வருகிறது. மூன்றாம் வகுப்பு முடிந்தும் ஒரு பிள்ளை இதில் விடாமல் தடுமாறினால், வார்த்தையின் நடு எழுத்தை விழுங்கினால், வாயால் கதை முழுக்கச் சொல்பவன் இரண்டு வரி எழுத மாட்டேன் என்று அழுதால், அது கவனிக்க வேண்டிய பிள்ளை. தமிழாசிரியரை இந்தப் பேச்சுக்கே கூப்பிடாத பள்ளிகள்தான் அதிகம். உண்மையில் முதலில் கேட்க வேண்டியது அவரைத்தான்.

கண்டதைப் பெற்றோரிடம் சொல்லும் விதத்தில் பாதிக் காரியம் கெட்டுப்போகிறது. மேஜைக்கு ஒரு பக்கம் பிரின்சிபல், பொறுப்பாளர், வகுப்பாசிரியர், கவுன்சிலர், ஸ்பெஷல் எஜுகேட்டர். எதிரே தனியாக ஒரு அம்மா. எடுத்த எடுப்பில் புகார்ப் பட்டியல். இதை விசாரணை என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்று, நோய்ப் பெயர் சொல்வது. "உங்க பையனுக்கு ஆட்டிசம் மாதிரி இருக்கு" என்று வராந்தாவில் நின்றபடி சொல்ல எந்த ஆசிரியருக்கும் உரிமையில்லை. பார்த்ததைச் சொல்லுங்கள்: "பேர் சொல்லிக் கூப்பிட்டா மூணு நாலு தடவைக்கு அப்புறம்தான் திரும்பிப் பார்க்கிறான்மா. வீட்டில எப்படி?" அவ்வளவுதான். வீட்டில் பாட்டி, "இவங்க அப்பனும் அஞ்சு வயசுலதான் பேசினான்" என்று சொல்லியிருப்பார். அதைச் சிரித்து ஒதுக்காதீர்கள், குடும்பத்தின் பயம் அந்தச் சமாதானத்துக்குள்தான் இருக்கிறது. அடுத்த முறை அப்பாவையும், முடிந்தால் பாட்டியையும் சேர்த்தே வரச் சொல்லுங்கள். முடிவெடுப்பது பல வீடுகளில் கூட்டத்துக்கு வராதவர்கள்தான்.

ஷேடோ டீச்சர், அதாவது வகுப்பில் ஒரே பிள்ளையின் கூடவே உட்கார்ந்து உதவுபவர், விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. "நீங்களே ஒரு ஷேடோவை ஏற்பாடு செய்து சம்பளம் கொடுத்தால்தான் சீட்" என்பது சேர்க்கையை மறுக்கும் மரியாதையான வழி, வேறொன்றுமில்லை. சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே கூட ஒருவர் தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் ஷேடோ வந்த நாளிலிருந்து வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். கேள்வி கேட்டால் ஷேடோவைப் பார்த்துக் கேட்கிறார், பதிலும் ஷேடோ சொல்கிறார். எந்த மாதத்தில் எந்தப் பாடத்தில் ஷேடோ ஒரு பெஞ்ச் பின்னால் நகர்வார் என்று முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் அவர் கடைசிவரை நகரவே மாட்டார்.

எழுதி வைப்பது என்றதும் ஐ.இ.பி., அதாவது தனிநபர் கல்வித் திட்டம். போன வருடத்து ஃபைலில் பெயரை மட்டும் மாற்றுவது ஊரறிந்த வழக்கம். "கவனத்தை மேம்படுத்துதல்", "சமூகத் திறன் வளர்த்தல்" என்ற வரிகள் எந்தப் பிள்ளைக்கும் பொருந்தும், அதனால் எந்தப் பிள்ளைக்கும் உதவாது. "தீபாவளி லீவுக்குள் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்கள் இருபதில் பதினாறைத் தானாகப் படிப்பாள்" என்று எழுதினால் நடந்ததா இல்லையா என்று யாரும் சொல்லிவிடலாம். மூன்று இலக்கு போதும். பதினைந்து எழுதினால் ஆய்வுக்கு வருபவர் மட்டும் சந்தோஷப்படுவார்.

தேர்வுச் சலுகைகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்துதான். மாநிலப் பாடத்திட்டத்தில் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம். ஒரு மொழி கட்டாயம், மீதி நான்கு பாடத்தை ஓவியம், இசை உள்ளிட்ட பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கணக்கு வராதே என்று ஒன்பதாம் வகுப்பில் கணக்கையே எடுத்துவிட்டால், பதினொன்றாம் வகுப்பில் கணக்கு கேட்கும் குரூப் எதற்கும் அந்தப் பிள்ளை போக முடியாது. வேண்டாம் என்று சொல்லவில்லை, பெற்றோரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். சொல்வதை எழுதுபவரைப் பொதுத்தேர்வு அன்றுதான் முதன்முதலில் பிள்ளை பார்ப்பது அதைவிடப் பெரிய கொடுமை. மனதில் இருப்பதை வாக்கியமாக்கி, நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனிப் பழக்கம். இயற்கணிதத்தில் எங்கே அடைப்புக்குறி, எங்கே அடுக்கு என்று வாயால் சொல்லிப் பாருங்கள், புரியும். ஒன்பதாம் வகுப்பு மாதத் தேர்விலிருந்தே பழக்க வேண்டும்.

கவுன்சிலர் பக்கம் வந்தால், அவரைத் தண்டனை அதிகாரி ஆக்கிவிடாமல் இருந்தாலே பெரிய புண்ணியம். "இன்னொரு தடவை பேசினா கவுன்சிலர் ரூமுக்கு அனுப்பிடுவேன்" என்று ஒரு ஆசிரியர் மிரட்டிவிட்டால், உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளை அந்தப் பக்கமே போக மாட்டாள். பிள்ளை சொன்னதை ஸ்டாஃப் ரூமில் பேசுவதும், சைக்காலஜிஸ்ட் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவதும் பொறுப்பாளர் கண்ணில் பட்ட அன்றே நிற்க வேண்டும். ரகசியத்துக்கும் ஒரு எல்லை உண்டு. பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். உள்ளுக்குள் விசாரித்துவிட்டுச் சொல்லலாம், பள்ளி பேர் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. தெரிவிக்காமல் விடுவது 21-ஆவது பிரிவில் குற்றம்.

அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்களின் நிலைமை வேறு. சிறப்பாசிரியர் வட்டார வள மையத்திலிருந்து வருவார், அவருக்குப் பல பள்ளிகள். அவர் வரும் நாளில் பிள்ளையைக் காட்டிவிட்டு, மற்ற நாட்களில் அவர் வந்தால் பார்த்துக்கொள்வார் என்று விடுவதுதான் அங்கே பெரிய தவறு. வந்தவர் கிளம்புமுன் பத்து நிமிடம் வகுப்பாசிரியருடன் உட்கார வைத்து, அடுத்த வருகை வரை என்ன செய்வது என்று கேட்டு வாங்குங்கள். மருத்துவ மதிப்பீட்டு முகாம் தேதியையும் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். தினக்கூலிக்குப் போகும் அம்மாவிடம் முதல் நாள் சாயந்திரம் சொன்னால் வர முடியாது.

சாய்தளம், கழிப்பறை, தரைத்தள வகுப்பறை எல்லாம் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தால் அந்தப் பிரிவைக் கீழே கொண்டு வாருங்கள், லிஃப்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, ஆண்டு மாறும்போது நடக்கும் இழப்பு. ஐந்தாம் வகுப்பு மிஸ்ஸுக்குப் பிள்ளையைப் பற்றி எல்லாம் தெரியும், ஆறாம் வகுப்பில் ஆறு ஆசிரியர்கள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. கோடை லீவுக்கு முன்பே பழைய ஆசிரியரையும் புதியவரையும் எதிரெதிரே உட்கார வையுங்கள். எந்தக் காது கேட்கும், சத்தமாகப் படிக்கச் சொல்லலாமா, கோபம் வந்தால் எங்கே போய் உட்கார்ந்தால் அடங்குவான், எந்தப் பாடத்தில் கைதூக்குவான். இதை ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். நாற்பது பக்க ஃபைலாகக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள்.