மாற்று வீரராக நீடித்து ஆடுவது எப்படி?

தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் மாற்று வீரராக இடம் பிடித்தவர் முதலில் செய்ய வேண்டியது, தமக்கு எத்தனை நிமிடம் மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம் 48 நிமிடம் நடக்கிறது. களத்தில் ஐவர் என்பதால் ஓர் அணிக்கு மொத்தம் 240 நிமிடங்கள். தொடக்க ஐவரும் ஆளுக்கு 32 நிமிடம் ஆடினால் அதில் 160 போய்விடும். மீதமுள்ள 80 நிமிடங்களைப் பயிற்சியாளர்கள் பெரும்பாலும் நான்கைந்து பேருக்குள் பகிர்ந்து கொடுக்கிறார்கள். எனவே, முழு ஒப்பந்தத்தில் 15 பேர் வரை இருக்கும் அணியில் ஐந்தாறு பேர் பல இரவுகளில் களத்தில் இறங்குவதே இல்லை. நீங்கள் ஆறாவது ஆளா, ஒன்பதாவது ஆளா, பதினான்காவது ஆளா என்பதைப் பயிற்சியாளரிடம் நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மூவருக்கும் வேலை வேறு.

அடுத்து, பந்து கையில் இல்லாதபோது உதவும் ஒரு திறனைத் தேர்ந்தெடுத்து அதை முழுமையாக்குங்கள். கல்லூரியில் ஆட்டத்தையே நடத்தியவர்கள்தான் இங்கே வருகிறார்கள். ஆனால் பந்தை வைத்து ஆடும் பொறுப்பு ஏற்கெனவே இரண்டு மூன்று பேருக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். மூலையிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதல் இன்றும் மாற்று வீரருக்கு மிகவும் கைகொடுக்கிறது. என்.பி.ஏ. களத்தில் மூன்று புள்ளிக் கோட்டு வளைவின் உச்சி கூடையிலிருந்து 23 அடி 9 அங்குலத் தொலைவில் இருக்கிறது, மூலையோ 22 அடிதான். நட்சத்திர ஆட்டக்காரரை மறிக்க இரண்டாவது ஆள் ஓடும்போது பெரும்பாலும் மூலையில் நிற்பவரைத்தான் விட்டுவிட்டு ஓடுகிறார். அணிகள் ஆண்டுதோறும் புதுமுகங்களை வரிசையாக எடுக்கும் வீரர் தேர்வில் 1988இல் 50ஆவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஸ்டீவ் கெர், 45.4 சதவீத மூன்று புள்ளித் துல்லியத்துடன் ஐந்து சாம்பியன் பட்டங்கள் வென்ற அணிகளில் இடம்பெற்றார்.

இந்தப் பயிற்சியில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. உடல் சூடேறிய பிறகு எறியும் இருநூறு பந்துகளை வைத்துத் தம் துல்லியத்தை மதிப்பிடுகிறார்கள். ஆட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பதோ, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு வரும் முதல் பந்து. ஆகவே பயிற்சியிலும் இருபது நிமிடம் உட்காருங்கள், எழுந்து ஒரே ஓட்டம் ஓடி ஒரு பந்தை எறியுங்கள், அதன் முடிவை மட்டும் குறித்துவையுங்கள். பிறகு மறுபடியும் உட்காருங்கள். சலிப்பூட்டும் பயிற்சிதான், ஆனால் உங்கள் வேலைக்கு இதைவிட நெருக்கமான ஒத்திகையை நான் அறியேன். 2003இல் டல்லஸ் அணிக்கு எதிரான மேற்கு மண்டல இறுதியின் ஆறாவது ஆட்டத்தில், அந்தத் தொடர் முழுவதும் அதிகம் ஆடாமல் இருந்த 37 வயது கெர், இறங்கி எறிந்த நான்கு மூன்று புள்ளிப் பந்துகளையும் கூடைக்குள் போட்டார்.

தடுப்பாட்டத்தில் ஆர்வக் கோளாறுதான் மாற்று வீரரின் பெரிய எதிரி. ஆறாவது ஃபவுலில் (விதிமீறலில்) தானே வெளியேற வேண்டும், நான்கு நிமிடம்தானே ஆடப்போகிறோம் என்று நினைத்துக் கையை நீட்டுகிறார்கள். கால்பகுதி ஒன்றில் அணியின் ஐந்தாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பு) கிடைக்கும் என்பதால், நீங்கள் அவசரப்பட்டுச் செய்த ஃபவுலின் விலையை, நீங்கள் பெஞ்சுக்குத் திரும்பிய பிறகும் உங்கள் சக வீரர்கள் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பெஞ்சில் இருக்கும்போதே எதிராளி எந்தப் பக்கம் திரும்பி ஓட விரும்புகிறார், அன்றைய நடுவர்கள் எதற்கு விசில் ஊதுகிறார்கள் என்று கவனித்துவிட்டு இறங்குங்கள்.

நீங்கள் ஆறாவது ஆள் என்றால், அதைத் தாழ்வாக எண்ணாதீர்கள். அந்த இடத்திற்கென்றே 1982-83 பருவம் முதல் ஒரு விருது இருக்கிறது. தொடக்க ஐவரில் ஒருவராக எளிதில் ஆடக்கூடிய மனு ஜினோபிலி 2008இல் அதைப் பெற்றார், ஜமால் கிராஃபோர்டும் லூ வில்லியம்ஸும் ஆளுக்கு மூன்று முறை பெற்றார்கள்.

ஒப்பந்த விதிகளை முகவரிடம் மட்டும் விட்டுவிடாமல் நீங்களும் படியுங்கள். ஜனவரி 5 முதல் அணிகள் பத்து நாள் ஒப்பந்தம் தரலாம். ஒரே அணி ஒரு பருவத்தில் இரண்டு முறை அப்படிக் கொடுத்த பிறகும் உங்களை வைத்துக்கொள்ள விரும்பினால், பருவம் முடியும் வரை ஒப்பந்தம் செய்தாக வேண்டும். உறுதியளிக்கப்படாத (இடையில் நீக்கினால் மீதி கிடைக்காத) சம்பளங்கள் ஜனவரி 10 அன்று உறுதியாகிவிடுகின்றன என்பதால், அதற்கு முந்தைய வாரம் பலருக்குத் தூக்கம் வராது. என்.பி.ஏ. அணிக்கும், அதன் கீழ்நிலை வளர்ச்சி லீக்கான ஜி லீக்கின் அணிக்கும் சேர்த்து ஆடும் இருவழி ஒப்பந்தத்தில் அதிகபட்சம் 50 என்.பி.ஏ. ஆட்டங்களுக்குத்தான் உங்கள் பெயரைச் சேர்க்க முடியும். சம்பளம் புதுமுக வீரரின் குறைந்தபட்சத் தொகையில் பாதி. அனுபவம் கூடக்கூடக் குறைந்தபட்சச் சம்பளம் ஏறினாலும், ஓராண்டு ஒப்பந்தத்தில் அந்தக் கூடுதல் தொகையை லீக்கே ஈடுசெய்வதால், மூத்த வீரர் அணிக்குச் சுமையாவதில்லை. மூன்று பருவங்கள் நிறைந்தால் ஓய்வூதியத்திற்கும் தகுதி வந்துவிடுகிறது. மூன்றாவது பருவத்தை எட்டும் நிலையில் இருப்பவர், குறைந்த சம்பளம் என்று முகம் சுளிக்காமல் கையெழுத்திடலாம்.

ஆட நிமிடமே கிடைக்காத இளம் வீரருக்கு என் ஆலோசனை, ஒரு பருவம் வெளிநாடு போய் ஆடுவது. 2002 வீரர் தேர்வில் எந்த அணியும் எடுக்காத யூடோனிஸ் ஹாஸ்லம் பிரான்சில் ஒரு பருவம் ஆடிவிட்டு வந்து, 2003 முதல் 2023 வரை மயாமி அணி ஒன்றிலேயே 20 பருவங்கள் இருந்தார். அவற்றில் கடைசிப் பல ஆண்டுகளில் அவர் அரிதாகவே களமிறங்கினார், இளையவர்களை வழிநடத்தவே அணி அவரை வைத்திருந்தது. போகும் முன் உங்கள் கால்களைப் புதிய அளவுகளுக்குப் பழக்குங்கள். அங்கே ஆட்டம் 40 நிமிடம், ஐந்தாவது ஃபவுலுடன் வெளியேற வேண்டும், மூன்று புள்ளிக் கோடு உச்சியில் 6.75 மீட்டர், மூலையில் 6.60 மீட்டர். மூலைக்கும் உச்சிக்கும் உள்ள வேறுபாடு அங்கே ஓர் அடிகூட இல்லாததால், இவ்வளவு நாள் மூலையை மட்டும் நம்பியிருந்தவர் வளைவின் எல்லா இடங்களிலிருந்தும் எறியப் பழகிக்கொண்டு விமானம் ஏறுவது நல்லது.