வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் உதவித்தொகையும்

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பதிவு காலாவதியானால் பல வருடப் பதிவு மூப்பும் போய்விடும். அடையாள அட்டையில் உள்ள புதுப்பிக்கும் மாதத்தை இன்றே கைபேசியில் குறித்து வையுங்கள். துறையின் இணையதளத்திலேயே புதுப்பித்து, அட்டையை மறுபடி அச்செடுத்துத் தேதி மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாகப் பட்டம் வாங்கினால் அதையும் உடனே பதிவில் சேர்த்துவிடுங்கள்; அந்தத் தகுதிக்கான மூப்பு, சேர்த்த நாளிலிருந்துதான் கணக்கு.

பதிந்து 5 ஆண்டு முடிந்தும் வேலை இல்லையா? உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். மாதம் பத்தாம் வகுப்பு தவறியவருக்கு 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். 3 ஆண்டு கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது; வயது 40க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45க்குள். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்குக் கிடையாது. ஆண்டுதோறும் சுய உறுதிமொழிப் படிவம் கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும். தொகை சிறியதுதான், ஆனாலும் விடாதீர்கள்: இதை வாங்குவதால் பதிவு ரத்தாகாது.

அதே அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் அரசுத் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி உண்டு.