உங்கள் டிஎன்ஏவைக் கண்ணால் பார்க்க ஒரு டம்ளர் போதும்

உயிரியல் நடத்த வந்த முதல் வருடம், டிஎன்ஏவின் முழுப் பெயரை, 'டிஆக்சிரைபோ நியூக்ளிக் அமிலம்' என்று பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னேன். பரீட்சையில் எல்லோரும் பிழையில்லாமல் எழுதினார்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது என்று கேட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்தப் பாடத்தை எச்சிலிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.

முந்தின நாளே ஐசோப்ரொபைல் ஆல்கஹாலை இறுக மூடி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். 90 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. சட்டென்று தீப்பிடிக்கும், விஷம். நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், சிறுபிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள்.

அரை டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, ஒரு வாய் எடுத்துக் கொப்பளியுங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பல்லால் மெல்ல உரசிக்கொண்டே ஒரு நிமிடம் முழுசாக. பாதியிலேயே துப்பத் தோன்றும், பொறுங்கள். எவ்வளவு செல்கள் உதிர்கின்றனவோ அவ்வளவு டிஎன்ஏ கிடைக்கும். பிறகு ஒடுக்கமான கண்ணாடி டம்ளரில் துப்பிவிடுங்கள்.

அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு. நுரை வராமல் மெதுவாகக் கலக்குங்கள். செல்லின் உறை கொழுப்பால் ஆனது; சோப்பு அதைக் கரைத்து உள்ளே இருப்பதை வெளியே கொட்டுகிறது. ஃப்ளூ வைரஸுக்கும் அப்படியொரு கொழுப்புறை உண்டு. சோப்புப் போட்டுக் கைகழுவினால் அது அழிவது இதனால்தான். போலியோ வைரஸுக்கு அந்த உறை கிடையாது, அதைச் சோப்பு அவ்வளவு சுலபமாக உடைக்காது.

மூன்று நிமிடம் கழித்து டம்ளரைச் சாய்த்து, குளிர்ந்த ஆல்கஹாலை ஓரமாக வழியவிடுங்கள். அது தனி அடுக்காக மேலே நிற்க வேண்டும். இனி டம்ளரை அசைக்கக் கூடாது. டிஎன்ஏ ஆல்கஹாலில் கரையாது, உப்பு அதை ஒன்றுசேர விடுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு அடுக்கும் சந்திக்கும் இடத்தில், சிறு குமிழிகளை இழுத்துக்கொண்டு, வெள்ளையாக நூல் எழும்பும். சிலந்தி இழை போல, மூக்குச்சளி போல இருக்கும். இத்தனை வருடம் பார்த்தும் அந்த நொடியில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

'முறுக்கேணி எங்கே சார்?' என்று பிள்ளைகள் கேட்பார்கள். புத்தகத்தில் டிஎன்ஏவை முறுக்கிய ஏணி போலத்தான் வரைந்திருப்பார்கள். அந்த வடிவம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு இழையின் தடிமன் 2 நானோமீட்டர்தான். நாம் பார்ப்பது எண்ணற்ற இழைகள் சிக்கிக்கிடக்கும் கற்றை. கொஞ்சம் புரதமும் ஒட்டியிருக்கும். 1869இல் ஃப்ரீட்ரிக் மீஷர் என்ற சுவிஸ் விஞ்ஞானி காயக்கட்டுகளின் சீழிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததும் இந்தப் பொருளைத்தான்.

இப்போது மரபியலைச் சொல்லுங்கள், நன்றாகப் பதியும். ஒரு செல்லில் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். டிஎன்ஏவில் வரிசையாக நிற்கும் நான்கு வகை வேதிப்பொருள்களைத்தான் எழுத்துகள் என்கிறோம். அம்மாவிடமிருந்து சுமார் 300 கோடி எழுத்துகள், அப்பாவிடமிருந்தும் அதே அளவு. பிரதி எடுக்கும்போது சில எழுத்துகள் மாறிப்போகும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத மாற்றங்கள் பிறக்கும் குழந்தையிடம் சுமார் 60 இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. எப்போதோ ஒன்று பிழைத்திருக்க உதவும், அது சந்ததியில் பரவும். பரிணாமத்துக்கு மூலப்பொருள் இந்த மாற்றங்கள்தான். ஃப்ளூ வைரஸிடம் இருப்பது டிஎன்ஏவுக்கு உறவான ஆர்என்ஏ என்ற மரபுப்பொருள், சுமார் 13,500 எழுத்துகள். அது பிரதி எடுப்பதில் பிழைகள் மிக அதிகம். அதனால்தான் அதன் தடுப்பூசியை ஒவ்வொரு வருடமும் மறுபரிசீலனை செய்கிறார்கள்.

நூல் வரவில்லையா? பெரும்பாலும் ஆல்கஹால் போதுமான அளவு குளிர்ந்திருக்காது, அல்லது அவசரப்பட்டு ஊற்றியதில் இரண்டும் கலந்திருக்கும். வாயைக் கழுவிவிட்டு மறுபடி கொப்பளியுங்கள்.