தாத்தா கடிகாரத்துக்கு வயது சொல்லுமுன்

மொரீஷியஸின் காத்ர் போர்னிலிருந்து ஒரு தம்பி போன வாரம் கருப்புக் கல் மேசைக் கடிகாரம் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "1855, அண்ணா. பின்னாடியே போட்டிருக்கு" என்றார். 16 வருடங்களுக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். பாலிஷ் போட்டுத் தேய்க்காதே, எண்ணெயை ஊற்றாதே என்பதெல்லாம் எல்லோரும் அறிந்தவை, விட்டுவிடுகிறேன்.

டயலில் உள்ள பெயர்

போர்ட் லூயி என்று எழுதியிருந்தால், விற்ற கடை அங்கே இருந்தது. அவ்வளவுதான்.

பின்தகட்டு எண்ணை ஆண்டாக வாசிப்பது

என் பணத்தைத் தின்ற தவறு இது. தாத்தா வைத்துவிட்டுப் போன கடிகாரத்தில் பங்காளிகள் இருவருக்கும் பங்கு இருந்தது. பின்மூடியைத் திறந்தேன். வட்ட முத்திரைக்குள் ஜாப்பி ஃப்ரேர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக் கம்பெனியின் பெயர், மெடல் பெருமை, 1855. தகட்டின் அடியில் தள்ளித் தள்ளி ஒரு 5, ஒரு 4. சரி, 54இல் செய்து 55இல் மெடல் வாங்கியிருக்கிறார்கள் என்று நானே கதை கட்டினேன். அந்தக் கதைக்கு ஏற்ற விலை பேசி இருவர் பங்கையும் வாங்கிக்கொண்டேன்.

முத்திரையில் இருப்பது 1855 பாரிஸ் கண்காட்சியில் கம்பெனிக்குக் கிடைத்த விருது. அதற்கப்புறம் பல வருடங்கள் அதையே குத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத்துக்கு முன்னால் செய்ததில்லை என்று மட்டும் அதை வைத்துச் சொல்லலாம். 5, 4 என்பது பெண்டுலத்தின் நீளம். பழைய பிரெஞ்சு அளவில் 5 அங்குலம், 4 லீஞ். 12 லீஞ் சேர்ந்தால் ஒரு அங்குலம், நம் கணக்கில் 27 மில்லிமீட்டர். வயதான ரிப்பேர்காரர் ஒருவர் ஸ்கேலை வைத்தே காட்டினார்: பதினாலரை சென்டிமீட்டருக்குக் கிட்ட வந்தது.

அப்புறம் கேட்டார், "எத்தனை அடிக்கணும்னு இதுக்கு எது சொல்லுது?" பழைய வகையில் பின்தகட்டுக்கு வெளியே ஒரு சக்கரம் தெரியும்; விளிம்பில் ஒன்றுக்கொன்று அதிகமாகும் இடைவெளியில் வெட்டுகள். முள் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒருமுறை பிசகினால் மூன்று மணிக்கு ஏழு அடிக்கும். என்னுடையதில் அந்தச் சக்கரமே இல்லை. டயலுக்குப் பின்னால் ரேக்தான்: மணி முள் நிற்கும் இடத்தை வைத்தே எத்தனை அடிப்பது என்று எண்ணும் பல் வைத்த பட்டை. பிரெஞ்சுக் கடிகாரங்களில் ரேக் பரவியது 1880ஐ ஒட்டி. நான் காசு கொடுத்து வாங்கிய வயதில் கால் நூற்றாண்டு அந்த மேசையிலேயே கழன்று விழுந்தது.

குடும்பக் கதையை நம்புவது

"பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வாங்கினதாம்" என்பார்கள். மொரீஷியஸில் அந்த ஆட்சி 1810இல் முடிந்துவிட்டது. ஜாப்பியின் மெடல் முத்திரை இருந்தால் கதையை அங்கேயே நிறுத்தலாம்.

வெளிக்கூடும் உள் இயந்திரமும் ஒரே வயது என்பது

திருகுத் துளைகளை எண்ணுங்கள். சும்மா நிற்கும் துளை இருந்தால், உள்ளே இருப்பது பின்னால் குடிவந்ததாக இருக்கலாம்.

பெண்டுலத்தோடு தூக்குவது

வேண்டாம்.

கீறல்களைத் துடைப்பது

ரிப்பேர்காரர்கள் தகட்டில் ஊசியால் தேதியும் பெயரும் கீறி வைப்பது வழக்கம். அழுக்கு என்று அதைத் தேய்த்துவிடுகிறார்கள், எரிச்சலாக வருகிறது. அந்தத் தேதிக்குள் கடிகாரம் செய்தாயிற்று என்று அந்தக் கீறல்தான் சொல்லும். என்னுடையதில் இருப்பதிலேயே பழைய கீறல் 1894. பங்காளிகளிடம் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "நம்ம 1854 நல்லா ஓடுதா?" என்று கேட்கிறார்.