மண்டபம், லாட்ஜ் கார்ப்பெட்ட கிளீன் பண்றப்ப நம்ம ஊர்ல பண்ற தப்புகள்

போன ஐப்பசில கும்பகோணம் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபத்துலேருந்து கூப்பிட்டாங்க, மேடைக்கு முன்னாடி போட்டிருக்குற கார்ப்பெட் ஒரே நாத்தம், வந்து பாருங்கன்னு. கதவ தொறந்தவுடனே நனைஞ்ச சாக்கு வாடை. ஒரு ஓரத்த தூக்கிப் பாத்தா அடியில கருப்பு கருப்பா பூஞ்சை, பின்பக்கம் ஒட்டியிருந்த லேடெக்ஸ், அதான் ரப்பர் பசை, பொடிப்பொடியா கையோட வருது. என்ன பண்ணீங்கன்னு கேட்டேன். கார் கழுவுற பிரஷர் பம்ப வெச்சு அடிச்சு, துணி சோப்பு பவுடர போட்டு தேச்சு, ஃபேன போட்டுட்டு பூட்டிட்டு போயிருக்காங்க. வெளிய அடைமழை, மூணு நாள் கழிச்சுதான் தொறந்திருக்காங்க. வேலை பாத்த பொம்பளைங்க ரெண்டு நாள் முட்டி போட்டு தேச்சிருக்காங்க, அந்த உழைப்பு பூரா வீணாப் போனதுதான் எனக்கு தாங்கல.

தஞ்சாவூர், மாயவரம், வேளாங்கண்ணின்னு 11 வருஷமா இந்த வேலையா சுத்திட்டு இருக்கேன். நான் பாத்த கெட்டுப்போன கார்ப்பெட்டுல பாதிக்கு மேல அழுக்கால கெட்டதில்ல, கிளீன் பண்ணப் போயி கெட்டது. வயலுக்கு தண்ணி வெக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஒடனே புரியும். மடைய தொறந்து விட ஒரு ஆள் போதும், வடிய வெக்கிறதுதான் பாடு, வடிகால் தூந்து போச்சுன்னா பயிர் அழுகிடும். கார்ப்பெட்டும் அதே கததான்.

அதனால மெஷின் வாங்கறப்ப நடக்குற மொத தப்பு, பம்ப் பிரஷரையும் டேங்க் சைஸையும் பாத்து மயங்குறது. எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு மெஷின் இருக்கு, நம்மாளுங்க ஸ்டீம் மெஷின்னு சொல்லுவாங்க, ஆனா அதுல வர்றது ஆவி இல்ல, சுடுதண்ணி. அது தண்ணிய பீச்சி அடிச்சு கையோட அழுக்கோட சேத்து திரும்ப உறிஞ்சும். இதுல உசிரே அந்த உறிஞ்சுற மோட்டார்லதான் இருக்கு. சாதாரண கார்ப்பெட்டுக்கு 100, 150 பிஎஸ்ஐ பிரஷர் தாராளம். கார் கழுவுற பம்ப் 100 பார்னு போட்டிருப்பான், பார்ங்கிறதும் பிரஷர் அளவுதான், அது கிட்டத்தட்ட 1450 பிஎஸ்ஐ, நூலையும் பிச்சுடும், தண்ணிய அடிவரைக்கும் எறக்கிடும், திரும்ப எடுக்க வழியே இல்ல. கடைக்காரர்கிட்ட டெமோ கேளுங்க, அதுவும் ஷோரூம்ல வேணாம், உங்க எடத்துல, உங்க கார்ப்பெட்டுல. நல்ல தண்ணி டேங்க்ல 10 லிட்டர் அளந்து ஊத்தச் சொல்லுங்க, வேலை முடிஞ்சதும் அழுக்குத் தண்ணி டேங்க அளந்து பாருங்க. 8 லிட்டராவது திரும்ப வரலன்னா நான் வாங்க மாட்டேன். அப்புறம் ஒரு வெள்ளத் துண்ட போட்டு மேல ஏறி நில்லுங்க, துண்டு சொதசொதன்னு ஆச்சுன்னா அந்த மெஷின் நம்ம ஊருக்கு ஆகாது.

ரெண்டாவது, தூசி எடுக்காமலே தண்ணிய காட்டுறது. கார்ப்பெட்டுல இருக்குற அழுக்குல பெரும்பகுதி காஞ்ச மண்ணும் தூசியும்தான். நம்ம வண்டல் மண்ணு காஞ்சிருக்குற வரைக்கும் தூசி, தண்ணி பட்டா சேறு, அத நூலுக்குள்ள எறக்கிட்டா எடுக்கவே முடியாது. வேளாங்கண்ணி பக்கம் லாட்ஜுல கடற்கரை மணல் கால்ல ஒட்டி வரும், அது நூல்மேல அரம் மாதிரி ராவிக்கிட்டே இருக்கும். தெனம் வேக்கம் போடுங்க, அவசரமா இழுக்காம நிதானமா, போன தடமும் வந்த தடமும் ஒண்ணுமேல ஒண்ணு விழுற மாதிரி. பை ரொம்புனா இழுவை கொறஞ்சிடும், அத யாரும் தொறந்தே பாக்குறதில்ல. ஆபீஸ்ல இருக்குற சுருள் நூல் கார்ப்பெட்டுல பிரஷ் சுத்துற மெஷின ஓட்டாதீங்க, ஒரு சுருள் மாட்டிக்கிட்டா வரிசையா உருவிக்கிட்டு வரும். வாசல்ல நல்ல நீளமான மிதியடி ரெண்டு போட்டாலே பாதி மண்ணு உள்ள வராது.

கறை விஷயம்தான் எனக்கு ரொம்ப ஆதங்கம். கல்யாணம் முடிஞ்ச மறுநாள் மண்டபத்துல மஞ்சக்கறை இல்லாம இருக்காது. ஒடனே சோடா கலந்த பவுடரையோ காரமான (ஆல்கலி) கிளீனரையோ கொட்டுவாங்க, மஞ்சக்கறை செக்கச்செவேல்னு ஆயிடும், கறை பெரிசாயிடுச்சேன்னு பயந்து இன்னும் கொட்டுவாங்க. ஆரத்திக்கு ஆலம் எப்படி கரைக்கிறோம், மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு சேத்தா செவக்குதுல்ல, அதேதான் இங்க நடக்குது, காரம் பட்டா மஞ்சள் செவக்கும். மொதல்ல காஞ்ச பொடிய வேக்கத்துல எடுங்க, ஈரமா இருந்தா வெள்ளத் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்கவே தேய்க்காதீங்க. அப்புறம் காரமில்லாத ஷாம்பூ கொஞ்சமா. கழட்டி எடுத்துட்டுப் போக முடிஞ்ச விரிப்புன்னா கொஞ்சம் வெயில் காட்டுங்க, மஞ்சள் வெயிலுக்கு வெளுக்கும். எந்த கெமிக்கலா இருந்தாலும் யார் கண்ணுலயும் படாத மூலையில ஒரு சொட்டு விட்டு பாத்துட்டு தொடுங்க.

ஷாம்பூவ அள்ளி ஊத்துறதும் தப்புதான். நொர வந்தாதான் சுத்தம்னு ஒரு நெனப்பு நமக்கு. அலசி எடுக்காத சோப்பு பிசுக்கா நூல்ல ஒட்டிக்கிட்டு, அடுத்த வாரமே முன்னவிட அழுக்கா தெரியும். கேன்ல என்ன அளவு போட்டிருக்கோ அதுதான் அளவு. அதே மாதிரி சுத்தம் பண்ணி காஞ்சப்புறம் பழைய கறை திரும்ப வந்து நிக்குதுன்னு நெறைய பேர் கேப்பாங்க. திரி எண்ணெய இழுக்குற மாதிரி காயறப்ப ஈரம் அடியில இருக்குற கறைய மேல இழுத்துட்டு வரும். தண்ணிய கொறச்சாலே பாதி சரியாயிடும்.

என்ன நூல்னு பாக்காம ஆரம்பிக்கிறதும் உண்டு. மண்டபத்துல போடுற செவப்பு விரிப்பு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனோ பாலியஸ்டரோ, தண்ணிக்கு பயப்படாது, ஆனா எண்ணெய்க்கறை விடாது. கம்பளியா இருந்தா பிளீச்சிங் பக்கமே போகக்கூடாது, நூலே கரைஞ்சுடும். சந்தேகமா இருந்தா ஓரத்துல ஒரு நூல பிச்சு, வெளிய கொண்டுபோய் கொளுத்திப் பாருங்க, முடி கருகுற வாடை வந்து பொடியானா கம்பளி, உருகி மணி மாதிரி கெட்டியானா செயற்கை நூல். அடியில சணல் இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, ஊறுச்சுன்னா சுருங்கும், பழுப்பு நெறம் மேல ஏறும்.

வங்கி, ஜவுளிக்கடை ஷோரூம் மாதிரி தெனம் ஆள் நடக்குற எடத்துல மாசாமாசம் சுடுதண்ணி போடவே வேணாம். என்காப்சுலேஷன்னு ஒரு மொற இருக்கு, கொஞ்சூண்டு ஈரத்துல பிரஷ் ஓட்டுனா அந்த மருந்து அழுக்க சுத்திக்கிட்டு காஞ்சு பொடியாயிடும், வேக்கத்துல வந்துடும், ரெண்டு மணி நேரத்துல நடக்கலாம். சுத்துற மெஷின் அடியில துணி பேட் வெச்சு ஓட்டுறது மேலாக்க தொடைக்கத்தான், விசேஷத்துக்கு முதல் நாள் பளிச்சுன்னு காட்ட ஆகும், அத மட்டுமே வருஷம் பூரா பண்ணா அழுக்கு அடியில சேரும். கிரானைட் தேய்க்கிற மொரட்டு பிரஷ்ஷ எடுத்து கார்ப்பெட்டுல போடுறதையும் பாத்திருக்கேன், வேண்டாங்க.

தண்ணிய யாரும் கணக்குல எடுக்கறதில்ல. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல எடத்துல போர் தண்ணி உப்பு, காஞ்சதும் வெள்ளையா படியும், ஹீட்டர்லயும் காரை கட்டும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணி வாங்குங்க.

அப்புறம் காலம். முகூர்த்தம் இல்லன்னு மார்கழில பெரிய கிளீனிங்க வெக்கிறாங்க, பனியும் ஈரக்காத்துமா இருக்குற மாசம் அது. ஆடிலயும் முகூர்த்தம் இல்லதானே, அம்மி பறக்குற காத்து சும்மா அடிக்குது, அப்ப வைங்க. 24லேருந்து 48 மணி நேரத்துக்குள்ள காயலன்னா பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சுடும். தலைக்கு மேல சுத்துற ஃபேன் பத்தாது, தரையோட ஊதுற புளோயர் வேணும், மழைநாள்னா ஜன்னல சாத்திட்டு ஏசிய போடுங்க. பெரிய மெஷின லேசான எக்ஸ்டென்ஷன் ஒயர்ல மாட்டாதீங்க, ஈரத்துல நிக்கிற ஆளு உசிரு, எர்த்தும், கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஆர்சிசிபி சுவிட்சும் இருக்கான்னு பாத்துட்டு ஆன் பண்ணுங்க.

அந்த மண்டபத்து கார்ப்பெட்ட காப்பாத்த முடியல, சுருட்டி வெளிய போட்டாச்சு. தரைய கழுவி ஒரு வாரம் காய விட்டாங்க. புதுசு எடுக்க கடைக்கு போறதுக்கு முன்னாடியே ஓனர் போன் பண்ணி, புளோயர் ரெண்டு போதுமா மூணா வாங்கிடவான்னு கேட்டார்.