தூரத்துச் சண்டைச் செய்தியை எப்படிப் படிப்பது? சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் பழகிய முறை

சாயங்காலம் ஒட்டுக்கடையில் ஐந்தாறு பேர் கூடுவோம், பாதிப் பேர் தோட்டத்து லயத்தில் பிறந்து இப்போது தாமானில் குடியிருப்பவர்கள். தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது கைப்பேசியை நீட்டுவார், எங்கோ ஒரு நாட்டில் வீடு எரிந்துகொண்டிருக்கும், உடனே "யார் பக்கம் நியாயம்?" என்று ஒரு குரல் வரும். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பல இனங்கள் கலந்து வாழ்கிற, பெரிய நாடுகள் நாலைந்து கண் வைத்திருக்கிற ஒரு வட்டாரத்தை அந்தக் கேள்வியோடு தொடங்கினால் பத்து நிமிடத்தில் நமக்குள்ளேயே சண்டை வந்துவிடும், அந்த நாட்டைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது. எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது.

பழகுவதற்குத் தென் காக்கேசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அர்மேனியா, அஜர்பைஜான், ஜார்ஜியா மூன்றும் சின்ன நாடுகள். வடக்கே ரஷ்யா, தெற்கே ஈரான், மேற்கே துருக்கி.

முதல் வேலை, வரைபடத்தைத் திறந்து சாலையைத் தேடுவது. யார் எந்த இனம், எந்த மதம் என்பதெல்லாம் அப்புறம். நகோர்னோ கராபாக் என்ற மலைப்பகுதியில் அர்மேனியர்கள்தான் பெரும்பான்மையாக இருந்தார்கள், ஆனால் 1923இல் சோவியத் அரசு அதை அஜர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதியாக வைத்தது. 1988இல் அவர்கள் அர்மேனியாவோடு சேர வேண்டும் என்றார்கள். பிறகு போர், 1994இல் போர்நிறுத்தம். கிட்டத்தட்ட 30,000 பேர் செத்தார்கள். கராபாக்கும் அதைச் சுற்றியிருந்த ஏழு மாவட்டங்களில் பெரும்பகுதியும் அர்மேனியர் கைக்குப் போனது, அந்த மாவட்டங்களில் இருந்த அஜர்பைஜானியர்கள் லட்சக்கணக்கில் வீடிழந்தார்கள். 2020இல் 44 நாள் போரில் அஜர்பைஜான் பெரும்பகுதியைத் திரும்பப் பிடித்தது. மிச்சமிருந்த கராபாக்குக்கு அர்மேனியாவோடு இருந்த ஒரே தொடர்பு லாச்சின் சாலை.

2022 டிசம்பரில் அந்தச் சாலையை அஜர்பைஜானியர்கள் மறித்தார்கள். சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் போராட்டம் என்று செய்தியில் நாலு வரி வந்தது, பெரும்பாலானவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். நானும்தான். ஒன்பது மாதம் கழித்து 2023 செப்டம்பர் 19 அன்று அஜர்பைஜான் தாக்கியது, ஒரே நாளில் முடிந்தது, ஒரு வாரம் பத்து நாளுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அர்மேனியர்கள் அதே சாலை வழியாக ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். உலகமெல்லாம் செப்டம்பரில் திடுக்கிட்டது, விஷயம் டிசம்பரிலேயே முடிவாகிவிட்டது என்பது என் கணக்கு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியாத சங்கதியா? நாங்கள் இருந்த தோட்டத்துக்குப் பக்கத்து நிலம் கைமாறியதும் குறுக்குப் பாதையில் கேட் போட்டுப் பூட்டினார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வெளியே போ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் கிளினிக்குக்கும் செம்பனைக் காட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று, ஒரு வருடத்துக்குள் லயத்தில் பாதி வீடு காலி. அதனால் எந்த வட்டாரமானாலும் பாதை மறிப்பு, எரிவாயுக் குழாய் நிறுத்தம், எல்லைச் சாவடி மூடல் மாதிரி சின்னச் செய்திகளைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்து, காவலுக்கு நிற்பவர் யார் என்று பாருங்கள். 2020 போருக்குப் பிறகு கராபாக்கில் ரஷ்ய அமைதிப்படை 1,960 பேர் நின்றார்கள். சாலை மறிக்கப்பட்டபோதும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். ரஷ்யாவின் கையோ 2022 பிப்ரவரியிலிருந்தே உக்ரைனில் மாட்டிக்கொண்டிருந்தது. அதே ரஷ்யாதான் அர்மேனியாவோடு பாதுகாப்புக் கூட்டணி வைத்திருந்தது, அர்மேனியா, அஜர்பைஜான் இரண்டுக்கும் ஆயுதமும் விற்றது. இன்னொரு பக்கம் பிரான்ஸ், ரஷ்யா, அமெரிக்கா மூன்றும் தலைமை தாங்கிய மின்ஸ்க் குழு என்ற சமரசக் குழு 1992இலிருந்து பேசிக்கொண்டே இருந்தது. பஞ்சாயத்துக்கு வருபவருக்கு வழக்கு முடிந்தால் லாபமா, இழுத்தால் லாபமா? இதை ஒவ்வொரு காவலருக்கும் எதிரே எழுதுங்கள். சில சமயம் விடை எழுதவே கூச்சமாக இருக்கும்.

மதக் கண்ணாடியைக் கழற்றுவதுதான் நம் ஊரில் கஷ்டம். புலனத்தில் வருவதெல்லாம் முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் சண்டை என்றுதான் வரும். சரி, அப்படியானால் அஜர்பைஜானைப் போலவே ஷியா பெரும்பான்மை கொண்ட ஈரான் ஏன் அர்மேனியாவோடு நல்ல உறவு வைத்திருக்கிறது? அஜர்பைஜானுக்கு இஸ்ரேல் ஏன் ஆயுதம் விற்கிறது? இந்த இரண்டையும் கேட்டால் மேசை கொஞ்ச நேரம் அமைதியாகும். மதம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. எல்லை, எண்ணெய், பழைய பயம் இவையெல்லாம் சேர்ந்துதான் அடுப்பு எரிகிறது. காஸ்பியன் எண்ணெயைத் துருக்கிக்குக் கொண்டுபோகும் 1,768 கிலோமீட்டர் குழாய், அர்மேனியாவைத் தொடாமல் ஜார்ஜியா வழியாக வளைந்து போவதை வரைபடத்தில் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கதை எந்த வருடத்தில் தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். 1988 சும்காயித்தில் தொடங்கினால் கொல்லப்பட்டவர்கள் அர்மேனியர்கள், 1992 கோஜாலியில் தொடங்கினால் அஜர்பைஜானியர்கள். இரண்டும் நடந்தவை. ஒன்றை மட்டும் சொல்கிற காணொளி எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பாதிக் கதைதான்.

பெயரும் அப்படித்தான். ஒரே ஊரை அர்மேனியர் ஸ்தெபனகெர்ட் என்பார்கள், அஜர்பைஜானியர் கான்கெந்தி என்பார்கள். எழுதுகிறவர் எந்தப் பெயரைப் போடுகிறார் என்று பார்த்தாலே சாய்வு தெரிந்துவிடும். நமக்கு இது புதிதில்லை. 1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்து 1960 வரை காட்டிலும் தோட்டத்திலும் நடந்ததற்கு அரசாங்கம் வைத்த பெயர் 'அவசரகாலம்'. போர் என்று எழுதினால் காப்பீட்டுப் பணம் வராது என்பதால்தான் அந்தப் பெயர் என்று இன்றும் சொல்வார்கள். காட்டில் துப்பாக்கி தூக்கியவர்கள் அதை விடுதலைப் போர் என்றார்கள். முள்வேலிக்குள் அரிசியை அளந்து வாங்கிய நம் பாட்டிமார்கள் இரண்டு பெயரையும் சொல்லவில்லை, 'கொம்னிஸ் காலம்' என்றார்கள்.

ஜார்ஜியாவை நீங்களே செய்து பாருங்கள். 2008 ஆகஸ்டில் ஐந்து நாள் போர், அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் முழுவதுமாகக் கைவிட்டுப் போயின, நாட்டில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. சாலை, காவலர், தொடங்கும் வருடம், பெயர், நாலையும் வைத்துப் பாருங்கள், ஒரு மணி நேர வேலை.

கராபாக் நோட்டை மட்டும் மூடிவிடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 8 அன்று வாஷிங்டனில் அஜர்பைஜான் அதிபர் அலியெவும் அர்மேனியப் பிரதமர் பஷின்யானும் டிரம்ப் முன்னால் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார்கள். அர்மேனியாவின் தெற்கே சியூனிக் வழியாக அஜர்பைஜானையும் தனியே பிரிந்து கிடக்கும் அதன் நக்சிவான் பகுதியையும் இணைக்கும் பாதை வரப்போகிறது. அஜர்பைஜான் அதற்கு வைத்திருந்த பெயர் 'சங்கேசூர் பாதை', அர்மேனியா அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்தப் பக்கத்தில் நான் இரண்டு கேள்வி எழுதி வைத்திருக்கிறேன்: அங்கே லாரியை நிறுத்திச் சோதிக்கப்போவது எந்த நாட்டுச் சீருடை, ஈரானுக்குப் போகிற பழைய சாலை திறந்தே இருக்குமா.