ஸ்டேட்டின் மாத்திரை: ரிப்போர்ட் நார்மல் என்றதும் நிறுத்தலாமா?

"ரிப்போர்ட்தான் நார்மல் ஆயிடுச்சே, இனிமேல் மாத்திரை எதற்கு?" கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டேட்டின் சாப்பிடுகிற பலர் இப்படி நினைத்து, டாக்டரிடம் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள். இந்த மாத்திரை விஷயத்தில் இதைவிடப் பெரிய தவறு இல்லை என்பேன். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை ஸ்டேட்டின் மட்டுப்படுத்துகிறது. அப்போது கல்லீரல் தனக்கு வேண்டியதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ள, எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது. மாத்திரை நின்றால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள் இதில் துளியும் அசட்டையாக இருக்கக் கூடாது.

நிறுத்துவதற்குச் சொல்லப்படும் இன்னொரு காரணம் உடம்பு வலி. ஸ்டேட்டினால் தசை வலி வருவது உண்மைதான். பெரும்பாலும் இரண்டு தொடைகளிலும், அல்லது இரண்டு தோள்களிலும் சேர்ந்தே வரும். ஒரு முழங்காலில் மட்டும் வலித்தால் காரணம் வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை விட்ட 60 பேரை வைத்து பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. சாம்சன் என்று பெயர், 2020-ல் வெளியானது. சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, சில மாதம் எதுவும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டேட்டினில் தெரிந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் இருந்தது. அதற்காக வலி பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டேட்டினுக்கு மாறலாம். டாக்டரிடம் சொன்னால் வழி இருக்கிறது. ஆனால் கடுமையான வலியோடு உடம்பு தளர்ந்து, சிறுநீர் கறுத்துப் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். அரிதானது, ஆனால் சிறுநீரகத்தையே பாதிக்கும். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எழுதிக் கொடுப்பவர் பக்கமும் தவறுகள் உண்டு. தைராய்டு குறைவாகச் சுரந்தாலே எல்டிஎல் ஏறும், ஸ்டேட்டினால் தசை பாதிப்பும் எளிதில் வரும். டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஆரம்பித்தால் இரண்டுமே கண்ணில் படாமல் போகும். அப்புறம், மற்ற மருந்துகள். சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின் சாப்பிடுபவருக்கு கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் கொடுத்தால் ரத்தத்தில் ஸ்டேட்டின் அளவு தாறுமாறாக ஏறும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் இட்ராகொனசோலும் அப்படித்தான். நிறைய கிரேப்ஃப்ரூட் (திராட்சை அல்ல, ஆரஞ்சு இனப் பழம்) ஜூஸ் குடித்தாலும் ஏறும். காய்ச்சலுக்குப் போனாலும் சரி, பல்லுக்குப் போனாலும் சரி, ஸ்டேட்டின் சாப்பிடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல்லும் அதே கணக்கில் குறையும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம் போலத்தான்.

ஆரம்பித்தாலோ டோஸ் மாற்றினாலோ 4 முதல் 12 வாரத்துக்குள் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிம்வாஸ்டேட்டினை ராத்திரியில் சாப்பிடுவது நல்லது. அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டினுக்கு எந்த நேரமும் சரி. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கர்ப்பகாலத்தில் பெரும்பாலும் இதை நிறுத்திவிடுவார்கள், தாய்ப்பால் கொடுக்கும்போதும் வேண்டாம் என்பார்கள்.